நடுநாட்டுப் பழமையும் திருப்பணியாளர் கடமையும்

திருச்சிற்றம்பலம்

குடமுழுக்கென்பது விமானத்தின் உச்சியிலே திருநீர் சொரிவதோடு முடிந்துவிடும் சடங்கன்று. கும்பத்திலே ஆவாகனம் செய்யப்பெற்ற திருவருளாற்றலைத் திருமேனியிலே மீட்டும் நிலைபெறச் செய்து, அவ்வூரும் அவ்வூர் மக்களும் இறைவனோடு கொண்ட தொடர்பைப் புதுப்பிக்கும் பெருவினை அது. ஆகம வல்லோர் இதனை நான்காக வகுப்பர். புதிதாகக் கோயில் எடுத்துச் செய்வது ஆவர்த்தம். ஆறு, கடல் முதலியவற்றாற் சிதைந்தும் பூசையின்றியும் கிடந்த கோயிலை மீட்டும் எடுத்துச் செய்வது அனாவர்த்தம். பழுதுற்ற விமானம், திருமதில், மண்டபம் முதலியவற்றைப் பாலாலயம் அமைத்துப் புதுக்கி மருந்து சாத்திச் செய்வது புனராவர்த்தம். களவு முதலிய தீங்குகள் கோயிலினுள் நேர்ந்தவழி அவை நீங்கச் செய்வது அந்தரிதம்.

இந்நான்கு வகையையும் நூலிற் கற்பதோடு அமையாது, தம் வாழ்நாளிலேயே கண்ணாற் கண்டும் காதாற் கேட்டும் அறிந்தவர் நெய்வேலிச் சூழலில் வாழும் மக்கள். புத்தூர் எழுந்ததும், பழைய சிற்றூர் மறைந்ததும், பழங்கோயில் புதுக்கப்பெற்றதும், திருவுருவங்கள் களவுபோய் மீண்டதும் ஆகிய யாவும் இந்நிலப்பரப்பிலும் இதன் அயலிலும் நிகழ்ந்தனவே. ஆதலின், மந்தாரக்குப்பத்தில் நிகழும் இக்குடமுழுக்கினை ஒட்டி, இந்நாட்டின் பழமையையும் அதனைக் காப்பதில் திருப்பணியாளர்க்குள்ள கடமையையும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

நிலத்தின் கதை

மந்தாரக்குப்பம் கடலூரினின்று விருத்தாசலம் செல்லும் பெருவழியில் உள்ளது. இவ்வூர் அடங்கிய பேரூராட்சியின் பெயர் கெங்கைகொண்டான் என்பது. கங்கை வரை படைசெலுத்தி வெற்றிகொண்ட முதலாம் இராசேந்திர சோழனின் விருதினை அப்பெயர் நினைப்பூட்டுகிறது. சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையுமே காண்போர்க்கு, இவ்வூர் நேற்றுப் பிறந்தது போலத் தோன்றும். இதன் நிலமோ மிகப் பழையது.

பன்னூறாயிரம் ஆண்டுகட்கும் முன்னர் இங்கே செழித்திருந்த காடுகள் மண்ணுள் அமிழ்ந்து, நாளடைவிற் பழுப்பு நிலக்கரியாயின. 1930களில் நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திலே ஆழ்துளையிட்டபோது நீரோடு கரிய பொருளும் வெளிப்பட்டது. அதன் இயல்பை அறிய அவர் எடுத்துக்கொண்ட முயற்சியும், பின்னர் அரசினர் நடத்திய ஆய்வுகளும், 1956ஆம் ஆண்டில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றுதற்கு வழி கோலின. 1957 மே 20ஆம் நாள் தலைமையமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகழ்ந்தெடுத்தும், கீழிருந்து பொங்கும் நீரை இடையறாது இறைத்தும் உழைத்ததன் பயனாக, 1961ஆம் ஆண்டிலே நிலக்கரி வெளிப்பட்டது. அடுத்த ஆண்டில் மின்னாற்றலும் பிறந்தது. தமிழகத்து இல்லங்கள் பலவற்றில் விளக்கெரிவதற்கு இந்த மண் தன்னையே ஈந்தது எனின் மிகையாகாது.

அக்கொடைக்கு ஒரு விலையும் இருந்தது. சுரங்கத்துக்கெனச் சிற்றூர்கள் பல நிலம் விட்டெழுந்தன. வயலும் கேணியும் மட்டுமா சென்றன? பிடாரி கோயிலும், ஐயனார் திடலும், பிள்ளையார் அமர்ந்த அரசமரத்து மேடையும் உடன் சென்றன. ஊர் பெயர்ந்த மக்களுள் தம் தெய்வத்தையும் உடன் கொண்டுவந்து புதிய இடத்தில் நிலைபெறுத்தியோர் உளர். பெரியதொரு கற்கோயில் இடம் பெயர்ந்தால் அதன் சுவரிலுள்ள எழுத்து அதன் கதையைச் சொல்லும். கல்லெழுத்தில்லாத சிற்றூர்க் கோயிலுக்கோ, அதனை வழிபட்ட முதியோரின் நாவே கல்வெட்டு. அம்முதியோர் மறையின் அவ்வூரும் இரண்டாம் முறை மறைந்துவிடும்.

நடுநாட்டின் பெருமை

தேவாரத் திருத்தலங்களை வகுத்தோர் இப்பகுதியை நடுநாடு என்றனர். இருபத்திரண்டு பாடல்பெற்ற தலங்கள் இதன்கண் உள்ளன. திருநாவுக்கரசர் தோன்றிய திருவாமூரும், அவர் சூலைநோய் நீங்கித் திலகவதியாரால் ஆட்கொள்ளும் நெறி பெற்ற திருவதிகையும், கல்லே தெப்பமாக அவர் கரையேறிய திருப்பாதிரிப்புலியூரும் இந்நாட்டன. நம்பியாரூரர் தோன்றிய திருநாவலூரும் இந்நாட்டதே. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த திருஎருக்கத்தம்புலியூர் விருத்தாசலத்துக்கு அணித்தாக உள்ளது.

சைவ சித்தாந்தம் தழைத்த நாற்றங்காலும் இந்நாடே. மெய்கண்ட தேவர் பெண்ணாகடத்தில் தோன்றித் திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தருளினார். அருணந்தி சிவாசாரியார் திருத்துறையூரினர். மறைஞானசம்பந்தர் பெண்ணாகடத்தோடு தொடர்புடையவர். உமாபதி சிவாசாரியார் தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்தவர். சந்தானாசாரியர் நால்வரும் உலவிய மண்ணுக்கு அணிமையில் வாழ்வது மந்தாரக்குப்பத்தார் பெற்ற பேறு. அண்மைக் காலத்திலும், வள்ளலார் 1867ஆம் ஆண்டில் வடலூரிலே மூட்டுவித்த தருமச்சாலை அடுப்பு, பசித்தோர்க்கு இன்றளவும் அணையாது எரிகின்றது. நிலக்கரி நெருப்புக்கு முன்னரே அருள்நெருப்பைக் கண்ட நாடு இது.

ஒரு கல் செய்யும் பணி

இப்பெருமைகள் புராணத்தாலும் செவிவழிச் செய்தியாலும் மட்டும் அறியப்பட்டனவல்ல. கோயிற் சுவர்களே இந்நாட்டின் வரலாற்று ஏடுகள். இரண்டு சான்றுகள் போதும்.

கடலூரை அடுத்த திருவயிந்திபுரத்திலே தேவநாயகப் பெருமாள் கோயிற் சுவரில் ஒரு கல்வெட்டு உளது. மூன்றாம் இராசராசனாகிய சோழ மன்னனைக் காடவர் கோமான் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்திற் சிறைவைத்ததையும், போசள வேந்தன் நரசிம்மன் தன் தண்டநாயகர் இருவரைப் படையோடு அனுப்பியதையும், அவர்கள் பொன்னம்பலத்து இறைவனை வணங்கி வழிநெடுக ஊர்களை வென்று சென்று சோழனை மீட்டதையும் அக்கல்வெட்டு விளக்கமாக உரைக்கின்றது. அதன் காலம் கி.பி. 1232 ஆகும். சோழப் பேரரசின் தளர்ச்சியை இத்துணை நெருக்கமாக உரைக்கும் சான்று அரிது. ஏதேனும் ஒரு திருப்பணியில், சுவர் மங்கியது எனக் கருதி அக்கல்லைக் கொத்தியெறிந்திருப்பின், தமிழக வரலாற்றில் ஓர் ஏடே கிழிந்திருக்கும்.

காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடி அனந்தீசுவரத்துக் கல்வெட்டும் அத்தகையதே. இரண்டாம் ஆதித்தனாகிய கரிகாற் சோழனைக் கொன்ற துரோகிகள் இன்னார் என்பதையும், அவர்தம் உடைமைகள் பற்றிய ஆணையையும் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் அக்கல் பொறித்து வைத்தது. ஓர் இளவரசனின் கொலை ஆயிரம் ஆண்டுகட்குப் பின்னும் ஆராயப்படுவதற்கு அச்சுவரே காரணம். இரண்டிடத்தும் சிவன் கோயில், திருமால் கோயில் என்ற வேறுபாடின்றிக் கருங்கல் தன் கடமையைச் செய்தது.

செல்லரித்த ஏடுகள்

காவாவிடின் நேர்வது யாது என்பதற்கும் இந்நாட்டின் எல்லையிலேயே சான்றுண்டு. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பிகள் பொல்லாப் பிள்ளையார் அருளால் தேவாரத் திருமுறைகள் இருக்குமிடத்தை உணர்ந்து சோழ மன்னனுக்கு உரைத்தனர். தில்லையில் அடைபட்டிருந்த அறையைத் திறந்தபோது ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்தவற்றுள் எஞ்சியவை சிலவே. அழிந்தவை மிகப் பல. எஞ்சியவை இக்காலத்துக்குப் போதும் என்று இறைவன் திருவாக்கு எழுந்தது எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். அது அருளின் ஆறுதல். மனிதர் அதனையே காரணமாகக் கொண்டு, போனது போகட்டும் என்று வாளாவிருத்தல் பொருந்தாது. தேடி எடுத்த நம்பியின் வழியன்றோ அடியார் வழி?

செம்பியன் மாதேவியார் காட்டிய நெறி

பழமையைக் காக்க வேண்டுமெனின் திருப்பணியே செய்யலாகாதோ என்ற ஐயம் எழலாம். அவ்வையத்துக்கு விடை தந்தவர் சிவஞான கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழனின் தாயாருமாகிய செம்பியன் மாதேவியார். கைம்மை நோன்பு பூண்ட அவ்வம்மையார் செங்கல்லால் இருந்த தளிகளைக் கருங்கல்லால் எடுப்பிப்பதையே தம் வாழ்வின் பயனாகக் கொண்டார். மந்தாரக்குப்பத்துக்கு மேற்கே மணிமுத்தாற்றின் கரையில் விளங்கும் திருமுதுகுன்றம், அதாவது விருத்தாசலம், அவர் திருப்பணி பெற்ற தலங்களுள் ஒன்று.

அவ்வம்மையார் காவிரி வடகரையில் உள்ள திருக்கோடிகாவிலே செய்தது திருப்பணியாளர் ஒவ்வொருவரும் நெஞ்சிற் பொறிக்கத்தக்கது. அங்கே பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளி எடுக்கும்பொழுது, பல்லவர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் தனித்தனிக் கற்களில் இருந்தன. அவற்றை வீசியெறியாது, அவற்றின் வாசகங்களைப் புதிய சுவரிலே மீளவும் வெட்டுவித்து, இவை பழைய கல்லினின்று படியெடுத்தவை என்ற குறிப்பையும் சேர்ப்பித்தார். பழங்கொடையாளி ஒருவன் நந்தாவிளக்குக்கு விட்ட ஆடும், அமுதுபடிக்கு விட்ட நிலமும், அவன் பெயரும் அங்ஙனம் காக்கப்பெற்றன. தம் பெயர் மட்டும் நிலைக்க வேண்டும் என்ற எண்ணம் அம்மையார்க்கு இல்லை. முன்னோர் அறத்தைக் காப்பதும் தம் அறத்தின் கூறே என்று கொண்டார். புனராவர்த்தத்தின் உட்பொருள் இதுவே.

திருமுதுகுன்றத்து இழப்பும் மீட்பும்

அம்மையார் போற்றிய அதே முதுகுன்றத்தில் அண்மைக் காலத்தே நேர்ந்தது நெஞ்சை வருத்துவது. பழமலைநாதர் கோயிலைச் சேர்ந்த கல் அர்த்தநாரீசுவரர் திருவுருவம் களவுபோயிற்று. கடல்கடந்த அவ்வுருவத்தை ஆசுத்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004ஆம் ஆண்டில் விலைகொடுத்து வாங்கியது. அதே கோயிலுக்குரிய பிரத்தியங்கிரா தேவி திருவுருவமும் அந்நாட்டுத் தேசியக் கலைக்கூடத்தைச் சென்றடைந்தது. ஆயிரம் ஆண்டுகளாகப் பூவும் நீரும் பெற்ற வடிவம், கண்ணாடிக் கூடத்தில் விளக்கொளியில் நின்றது.

அவற்றை மீட்டது யாது? புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், தமிழகத்துக் கோயில்களுக்கெல்லாம் சென்று திருவுருவங்களை ஒளிப்படம் எடுத்து ஊர்ப்பெயரோடு அடுக்கி வைத்திருந்தனர். கோயிற் சுவரில் அத்திருவுருவம் இருந்த நிலையைக் காட்டும் அப்படமே இது எங்கள் ஊரது என்று உலகறியச் சொல்லும் சாட்சியாயிற்று. 2014 செப்டம்பரில் ஆசுத்திரேலியத் தலைமையமைச்சர் புதுதில்லிக்கு வந்து, அர்த்தநாரீசுவரரையும் அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தானிற் களவுபோன ஆடல்வல்லானையும் இந்தியத் தலைமையமைச்சரிடம் ஒப்புவித்தார். பிரத்தியங்கிரா தேவி 2016ஆம் ஆண்டில் திருப்பித் தரப்பெற்றாள். படம் இல்லாத கோயில்களில் களவுபோன தெய்வங்களுக்கு இவ்வாறு சாட்சி சொல்ல யாருமில்லை என்பதை எண்ணுக.

இதற்கும் முன்னரே இலண்டன் மாநகரில் ஒரு வழக்கு நடந்தது. பத்தூரிலே, பாழடைந்த சிவன்கோயிலின் அருகே 1976ஆம் ஆண்டில் நிலத்தினின்று வெளிப்பட்ட நடராசர் திருமேனி பலர் கைமாறி இலண்டனை அடைந்தது. அங்கே அதனைக் காவல் துறையினர் கைக்கொண்டனர். உரிமை யாருக்கு என்ற வினா எழுந்தபோது, பத்தூர்க் கோயிலின் சார்பிலே இறைவனே வழக்காடுபவராக நின்றார். பாழடைந்த கோயிலாயினும் அதன் இறைவனுக்கு உரிமை அழியாது என்பதை ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றது. 1988ஆம் ஆண்டுத் தீர்ப்பை 1991ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. கூத்தப்பிரான் தாயகம் மீண்டார். பூசை நின்றாலும் பொருளுடையவன் பரமனே என்னும் ஆகமக் கொள்கை, கடலுக்கப்பாலும் வென்றது.

அருங்காட்சியகமும் ஆலயமும்

ஆங்கிலேயர் தம் நாட்டில் ஒவ்வொரு கோட்டத்தின் வரலாற்றையும் ஊர் ஊராக எழுதும் பெருமுயற்சியை 1899ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியின் பெயரால் தொடங்கினர். அது நூற்றாண்டு கடந்தும் நடைபெறுகின்றது. பெட்ஃபோர்டு கோட்டத்தில் 1913ஆம் ஆண்டிலேயே பழைய ஆவணங்களைக் காக்கத் தனிநிலையம் அமைத்தனர். சிறு தேவாலயத்தின் திருமணப் பதிவும், உழவனின் நிலப்பத்திரமும் அத்தகைய நிலையங்களில் இடம் பெற்றன.

அவர்கள் ஆண்ட காலத்தில் தென்னார்க்காட்டுக்கும் அத்தகைய நூல்கள் எழுந்தன. கார்ஸ்டின் என்பவர் 1878ஆம் ஆண்டிலும், பிரான்சிஸ் என்பவர் 1906ஆம் ஆண்டிலும் இம்மாவட்டத்தின் விரிவுரைகளை வெளியிட்டனர். 1690ஆம் ஆண்டில் மராட்டியரிடம் வாங்கிய தேவனாம்பட்டினத்துப் புனித தாவீது கோட்டை, சென்னையைப் பிரெஞ்சுக்காரர் 1746ஆம் ஆண்டில் கைப்பற்றியபின் சில ஆண்டுகள் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்ததும், 1758ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலியால் தகர்க்கப்பட்டதும் அந்நூல்களால் விளங்கும். கோட்டை கட்டியோரின் மதில் நூறாண்டும் நில்லாது இடிந்தது. கோயில் கட்டியோரின் சுவர் ஆயிரமாண்டு நிற்கின்றது. இது காண்போர் உள்ளத்திற் பதியத்தக்கது.

கடலூரில் அரசினர் அருங்காட்சியகம் உளது. நிலத்தினின்று கிடைக்கும் சிலைகளுக்கும் பழம்பொருள்களுக்கும் அது புகலிடம். அருங்காட்சியகத்தை இகழ்தல் கூடாது. ஆதரவற்ற உருவத்தை மழையினின்றும் கள்வரினின்றும் அது காக்கின்றது. ஆயினும் அங்கே திருவுருவம் காட்சிப்பொருள். ஆலயத்திலோ கண்கண்ட கடவுள். திருவுருவம் அருங்காட்சியகத்திற்கோ பாதுகாப்பு மையத்திற்கோ செல்ல நேர்வது, அவ்வூர் தன் தெய்வத்தைக் காக்கும் வலியிழந்தபோது. ஊரே தன் கோயிலைக் காக்குமாயின், அவ்வூரின் சிறந்த அருங்காட்சியகம் அவ்வாலயமே.

செய்யத்தக்கன

இவற்றால் தெளிவாவது ஒன்றே. கோயில் எடுப்பது பாதித் திருப்பணி. அதன் வரலாற்றைக் காப்பது மற்றைப் பாதி.

பழங்கோயில்களைப் புதுக்குவோர், சுவரில் எழுத்துண்டோ என்று முதலில் ஆராய்க. எழுத்துள்ள கல்லின்மேற் சுண்ணமும் வண்ணமும் பூசற்க. மணலைப் பாய்ச்சிக் கல்லைத் தூய்மை செய்யும் முறை எழுத்தையும் சிற்பத்தின் நுண்மையையும் தேய்த்துவிடும். அதனை அறவே விலக்குக. பழந்தரையைப் பெயர்த்துப் பளிங்கு பதிக்கும் ஆசையில் படிக்கல்லாய்க் கிடக்கும் கல்வெட்டை இழக்கற்க. கல்லைப் பெயர்ப்பது இன்றியமையாததாயின், கல்வெட்டுத் துறையினர்க்கு அறிவித்து மைப்படி எடுத்தபின் பெயர்க்க. திருவுருவம் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் ஒளிப்படம் எடுத்து, அளவும் நிறையும் குறித்து, கோயிலில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாகப் படிகள் வைக்க. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின்படி பதிவு செய்யத்தக்கவற்றைப் பதிவு செய்க.

மந்தாரக்குப்பம் போன்ற ஊர்களின் கடமை இன்னும் நுண்ணியது. இங்கே மீளவெட்டப் பழங்கல் இல்லை. ஆதலின் புதுக்கல்லிலே பழஞ்செய்தியைப் பொறிக்க வேண்டும். சுரங்கத்துக்கு நிலம் ஈந்து வந்த குடும்பத்தார் எவ்வெவ்வூரினர், அவ்வூரின் தெய்வம் யாது, திருவிழா எத்திங்களில் நிகழ்ந்தது, ஏரியின் பெயரும் களத்தின் பெயரும் யாவை என்பவற்றை முதியோர் வாயிலாகக் கேட்டு எழுதுக. கொடையாளர் பெயர்ப் பலகையை ஒட்டி, மறைந்த ஊர்களின் பெயர்க் கல் ஒன்றும் திருமதிலில் இடம் பெறுக. தொகை மிகுதியாயின் பெயர் பெரிதாகவும் குறைவாயின் சிறிதாகவும் எழுதும் வழக்கத்தைவிட, இருந்த ஊரையே ஈந்தவரை எழுதுவது பெருந்திருப்பணி. அக்கல் இன்று எளிதாகத் தோன்றலாம். உடையார்குடிக் கல்லும் திருவயிந்திபுரத்துக் கல்லும் வெட்டப்பெற்ற நாளில் எளியனவாகவே தோன்றியிருக்கும்.

புதைந்த காடு பன்னூறாயிரம் ஆண்டுகட்குப் பின் ஒளியாயிற்று. மறைந்த ஊரும் கல்லில் ஏறின் வருங்கால மக்கட்கு ஒளியாகும். மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் மாற்றுக் குறையாது நம்பியாரூரர்க்கு எடுத்தளித்த பழமலைப் பெருமான், இந்நிலத்தார் மண்ணில் இட்டவற்றையும் குறைவின்றி மீட்டளிப்பான்.

இத்திருக்குடமுழுக்கிற்குப் பொன்னாலும் பொருளாலும் உடலுழைப்பாலும் துணைநின்ற மெய்யன்பர்கள் யாவரும் பெரியநாயகி உடனாய பழமலைநாதர் திருவருளாற் பல்லாண்டு வாழ்க. சைவமும் தமிழும் தழைக்க. கோயிலும் குடியும் ஒருங்கே ஓங்குக.

திருச்சிற்றம்பலம்